மாட்டின் மூச்சுவழி வந்த கொள்ளைநோய்கள்



கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுவது பொல்பிட்டியவை அண்டிய மலைச்சாரலிலாகும். 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தினால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. மின்சாரத்துக்கு உகந்த மழை மாட்டுக்கு உகந்ததன்று. அயலிலுள்ள கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் வந்து மோதியதும் லயங்களின் பின்புறத்து மாட்டுப்பட்டிகளிலிருந்து இருமல் ஒலி கேட்கத் தொடங்கும். எமது பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் அம்மாதங்களில் சில பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே வெற்றிடம் விழும். காரணம் வினவினால், "மாட்டுக்குச் சுகமில்லை, சேர்" என்பர். தாயும் தந்தையும் பெரட்டுக்குச் சென்றுவிட, நோயுற்ற பசுவுக்குக் காவலிருப்பது அப்பிள்ளையின் கடனாகிறது.

ஒரு பசுவின் இருமலுக்கு வரலாறு உண்டோ என்று சிலர் வியக்கக்கூடும். உண்டு. சாம்ராச்சியங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் வரலாறு அது. கப்பல்களும் வண்டிப்பாதைகளும் புகைவண்டிகளும் மனிதரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்ற காலத்தில் மாடுகளையும் கொண்டுசென்றன. மாடுகளோடு அவற்றின் மூச்சும் சென்றது.

சுவாச நோய்களுள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகைக் கலக்கியது நுரையீரல் வாதை எனத்தக்க ஒரு தொற்றுநோய். நுரையீரலையும் அதனைச் சூழ்ந்த சவ்வையும் அது ஒருசேரத் தாக்கும். நோயுற்ற மாடு முழங்கைகளை அகலவிரித்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகிக்கொண்டு நிற்கும். ஒரு மாட்டின் இருமலிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை அடுத்துக் கட்டப்பட்ட மாடு உள்வாங்குவதால் இது பரவுகிறது. இதன் தீய இயல்பு யாதெனில், நோய் பற்றிய மாடு பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் வரையுங்கூட, நலமுள்ளதுபோல் தோன்றும். பிழைத்தெழுந்த மாட்டின் நுரையீரலினுள்ளும் நோய்ப்பகுதி ஓர் உறையிட்ட கட்டியாக நெடுநாள் ஒளிந்திருக்கும். சந்தையில் அதனை வாங்குகிறவன் கொழுத்த மாடொன்றை வாங்கியதாகவே மகிழ்ந்து செல்வான்.

1840ஆம் ஆண்டளவில் இந்நோய் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து பிரித்தானியத் தீவுகளினுள் நுழைந்தது. இலண்டன் போன்ற நகரங்களில் அக்காலத்தில் பாற்காரர்கள் நெருக்கமான சந்துகளிலுள்ள இருண்ட கொட்டில்களில் பசுக்களை அடைத்து வைத்திருந்தனர். காற்றோட்டமற்ற அக்கொட்டில்களில் ஒரு பசு இருமினால் மறுமாதம் வரிசை முழுவதும் இருமிற்று. நோய் கண்டதும் உரிமையாளர் என்ன செய்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். பால் வற்றுமுன் அப்பசுவை இறைச்சிக்கோ சந்தைக்கோ விற்றுவிட்டு, அந்த இடத்திலேயே புதிய பசுவொன்றைக் கட்டினார். அவரைக் குறைகூறுவது எளிது. நோயை வெளியே சொன்னால் அவருக்கு நட்டம். சொல்லாதிருந்தால் அயலவருக்கு நட்டம். எல்லா நாடுகளிலும் இந்நோயின் வரலாறு இவ்விரு நட்டங்களுக்கிடையேதான் நடந்தது.

1843இல் நியூயோர்க் துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பலொன்றில் வந்த ஒரேயொரு பசுவைப் புரூக்கிளின் பாற்காரர் ஒருவர் வாங்கினார். அமெரிக்காவில் இந்நோய் ஊன்றியது அவ்வாறே. 1858இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் துறைமுகத்துக்கு இறக்குமதியான பசுவொன்றினால் அது அவுஸ்திரேலியாவை அடைந்தது. அங்கு மந்தைகள் நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட்டிச் செல்லப்பட்டமையால், நோயும் அப்பாதைகள் வழியே கண்டத்தின் வடகோடி வரை நடந்து சென்றது. அதனை முற்றாக ஒழித்ததாக அந்நாடு 1973இலேயே அறிவிக்க முடிந்தது. ஒரு பசு கரையிறங்கியதன் விளைவை நீக்க 115 ஆண்டுகள் சென்றன!

எனினும் இந்நோயின் கொடுமையை முழுவதும் உணர விரும்புவோர் தென்னாபிரிக்காவைத்தான் நோக்க வேண்டும். 1853இல் ஒல்லாந்திலிருந்து சில காளைகள் மொசல் விரிகுடாவில் இறக்கப்பட்டன. ஈராண்டுகளுக்குள் நோய் கிழக்கு எல்லையில் வாழ்ந்த சோசா மக்களின் பட்டிகளை எட்டிற்று. அம்மக்களுக்கு மாடுதான் செல்வம். மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமும் மாடு. மூதாதையருக்கு இடும் பலியும் மாடு. பிரித்தானியருடன் நடந்த தொடர்ந்த போர்களில் நிலத்தை இழந்திருந்த அவர்கள், இப்போது கண்ணெதிரே மந்தைகள் மூச்சுத் திணறி மடிவதைக் கண்டனர். 1856ஆம் ஆண்டில் நொங்காவுசே என்னும் இளம்பெண், மூதாதையரின் ஆவிகள் தன்னோடு பேசினவென்று கூறினாள். இருக்கும் மாடுகள் யாவும் மாசடைந்தவை. அவற்றைக் கொன்று, தானியத்தையும் அழித்துவிட்டால், இறந்தோர் எழுவர், நோயற்ற புதிய மந்தைகள் பூமியிலிருந்து புறப்படும் என்பது அவள் உரைத்த செய்தி. தலைவர் பலரும் மக்களிற் பெரும்பாலோரும் அதனை நம்பினர். ஏறத்தாழ நான்கு இலட்சம் மாடுகள் கொல்லப்பட்டன என்றும், பின்வந்த பஞ்சத்தில் 40,000 மக்கள் மாண்டனர் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். எஞ்சியோரிற் பல்லாயிரவர் வெள்ளையரின் பண்ணைகளுக்குக் கூலிகளாகச் சென்றனர். நிலம் குடியேற்றக்காரர் கைக்கு மாறிற்று.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லிற் கூறி ஒதுக்குவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. நோயுற்ற மந்தையைக் கொன்றால்தான் நலமான மந்தை உண்டாகும் என்ற கருத்தையே முப்பது ஆண்டுகளின் பின் வாஷிங்டனும் இலண்டனும் சட்டமாக்கின. வேறுபாடு இதுதான்: அங்கே கொன்ற மாட்டுக்கு அரசாங்கம் விலை கொடுத்தது, சோசா மக்களுக்கு விலை கொடுப்பார் எவருமிலர். பஞ்சத்தால் வாழ்விழந்து ஊரைவிட்டுக் கூலி வேலைக்குப் புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், அம்மக்களின் கதையை அயலார் கதையாகக் கேட்க இயலாது.

விலைகொடுத்தல் எத்துணைப் பயன் தந்தது என்பதற்குச் சான்றுகள் உள. 1859இல் ஒல்லாந்துப் பசுக்களோடு நோய் புகுந்த மசாசூசெற்ஸ் மாநிலம், அடுத்த ஆண்டே ஆணையாளர்களை நியமித்து, நோய்பட்ட மந்தைகளை ஈடு கொடுத்துக் கொல்வித்து, சில ஆண்டுகளில் நோயை ஒழித்தது. நியூயோர்க்கோ நாற்பது ஆண்டுகளாக அதனை வளர்த்துக்கொண்டிருந்தது. 1884இல் அமெரிக்க மத்திய அரசு கால்நடைத் தொழிலுக்கெனத் தனிப் பணியகம் ஒன்றை நிறுவி டேனியல் சல்மன் என்ற மிருக வைத்தியரைத் தலைவராக்கிற்று. (உணவை நஞ்சாக்கும் சல்மொனெல்லா என்ற கிருமிக்கு இவருடைய பெயரே இடப்பட்டுள்ளது, இவரும் அதனை விரும்பியிருப்பாரோ, அறியேன்.) நோயுற்ற மாடுகளை விலைக்கு வாங்கப் பணம் ஒதுக்கப்பட்ட பின்னரே பணியகத்தின் வேலை விரைந்தது. 1892இல் நாடு நோய் நீங்கியதாயிற்று. செலவு ஏறத்தாழ 15 இலட்சம் டொலர். பிரித்தானியாவில் 1890ஆம் ஆண்டுச் சட்டம், கொல்லும் அதிகாரத்தையும் ஈடு கொடுக்கும் கடமையையும் ஊராட்சிகளிடமிருந்து எடுத்து மத்திய அரசிடம் ஒப்படைத்தது. எட்டே ஆண்டுகளில், 1898இல், அங்கும் நோய் மறைந்தது. அதே ஆண்டில்தான் நோக்காட், ரூ ஆகிய பிரெஞ்சு அறிஞர் நோய்க்கிருமியை முதன்முதல் வளர்த்துக் காட்டினர். ஆகவே கிருமியைக் காணுமுன்னரே நோயை ஒழிக்க மனிதருக்கு இயன்றது.

இவ்விடத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த லூயி வில்லெம்ஸ் என்பாரையும் நினைவுகூர்தல் தகும். அவர் ஹாசல்ட் நகரத்து வைத்தியர். சாராய வடிசாலை உரிமையாளர் ஒருவரின் மகன். வடிசாலைக் கழிவை உண்பித்துக் கொழுக்கவைக்கப்பட்ட மாடுகள் வரிசையாக மடிவதைக் கண்டு, இறந்த மாட்டின் நுரையீரல் நீரைச் சிறிதெடுத்து நலமான மாட்டின் வால்நுனியிற் செலுத்தினார். 1852இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். சில மாடுகள் வாலை இழந்தன. சில உயிரையே இழந்தன. பெரும்பாலானவை நோய்க்குத் தப்பின. வாலில்லாத பசு பால் தரும். மூச்சில்லாத பசு தராது என்று விவசாயிகள் கணக்கிட்டனர்போலும், அம்முறை பல கண்டங்களுக்கும் பரவிற்று.

இந்திய உபகண்டத்தில் இந்நுரையீரல் வாதை அசாம் பகுதியில் நெடுங்காலம் நிலைகொண்டிருந்தது. கடைசியாக 1990இல் அங்குக் காணப்பட்டது; 2007இல் இந்தியா நோய் நீங்கிய நாடாக ஏற்கப்பட்டது. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் அது இன்றும் உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை மாட்டின் மூச்சை அடைத்த நோய் வேறொன்று. தமிழர் அதனைத் தொண்டையடைப்பான் என்பர். பெயரே அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. முதலில் கடுங்காய்ச்சல்; வாயிலிருந்து எச்சில் நூலாக வடியும்; தொண்டையில் தோன்றும் வீக்கம் கழுத்து வழியே மார்புவரை இறங்கும்; மூச்சு கரகரவென்று ஒலிக்கும்; நாக்கு வெளியே தள்ளும். காலையில் உழுத எருமை மறுநாட் காலையில் இறந்து கிடப்பதுண்டு. பசுவைவிட எருமையே எளிதில் மடியும். இதனை உண்டாக்கும் கிருமி, கோழிக் கொலராவைப்பற்றி 1880ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து தடுப்பூசி நெறியைக் கண்ட லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய இனத்தைச் சேர்ந்தது.

1955, 1956ஆம் ஆண்டுகளில் இந்நோய் இலங்கையில் பெருவாரியாகப் பரவி எருமைகளை வாரிக்கொண்டு போயிற்று. உலர் வலயத்து உழவுக்கு இயந்திரம் வந்து சேராத காலம் அது. எருமை மடிந்த வீட்டில் அந்தப் போகத்து வயலும் மடிந்ததென்றே கொள்ளல் வேண்டும். அதன் பின்னர் நம் நாட்டு மிருக வைத்தியர்கள் இந்நோயை ஆராய்ந்து பெற்ற அறிவு உலகெங்கும் மதிக்கப்படுகிறது. பேராதனைக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய டாக்டர் எம். சி. எல். டி அல்விஸ் இந்நோய்பற்றி எழுதி 1999இல் அவுஸ்திரேலியாவில் வெளியான நூல் பல நாட்டாருக்கும் கைந்நூலாக விளங்குகிறது.

அவ்வாராய்ச்சிகளின் சாரம் நமக்குப் பெரிதும் வேண்டற்பாலது. மழை வந்தால் இந்நோய் எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தென்று முன்னோர் எண்ணினர். கிருமியோ ஈரமண்ணிலும் சில நாள்களுக்குமேல் உயிர்வாழ்வதில்லை. அது நலமாக நிற்கும் சில மாடுகளின் தொண்டைச் சதையினுள் ஒளிந்திருக்கிறது. பசி, மழை, கடும் உழவு, நெடும்பயணம் முதலியவற்றால் உடல் தளரும்போது அங்கிருந்து வெளிப்பட்டு மூக்குநீரிற் கலந்து அயல்மாட்டைச் சேர்கிறது. ஆதலின் தடுப்பூசி மழைக்கு முன்னரே இடப்படவேண்டும். படிகாரம் சேர்த்த தடுப்பூசி ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மாதமும், எண்ணெய் சேர்த்தது ஏறத்தாழ ஓராண்டும் காக்கும். நோய் கண்ட பின்னரோ மருந்துக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணிநேரமே. காய்ச்சல் மட்டும் தோன்றிய வேளையில் ஊசி மருந்து செலுத்தப்பட்டால் மாடு பிழைக்கலாம். வீக்கம் கண்டபின் பிழைப்பது அரிது.

இலங்கையில் இந்நோயின் நிலைக்களம் பெருமந்தைகள் கலந்து மேயும் உலர் வலயமே. மலைநாடு பெரும்பாலும் தப்பியிருக்கிறது. அதனால் மலைநாட்டார் கவலையற்றிருக்கலாமோ? வெக்கை நோயின் கதை அதற்கு விடை கூறும். வாயும் குடலும் புண்ணாகி, மூக்கும் கண்ணும் ஒழுகி மாடு மடியும் அந்நோய் 1946உடன் இலங்கையை விட்டு நீங்கியிருந்தது. நாற்பதாண்டு கழித்து, 1987இல், இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது கடல் கடந்து மீண்டும் வந்தது. 1994வரை அது இங்கு நிலவிற்று. உலகம் முழுவதிலுமிருந்து ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது தனிக்கதை. நாற்பது ஆண்டு அமைதியைக் குலைக்க ஒரு படகுப் பயணம் போதுமாயிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மலைநாட்டில் மாடு வளர்ப்பு தேயிலைக்கும் மூத்தது. கோப்பிக் காலத்துத் துரைமார் பாலுக்காக மாடு வளர்த்தாரல்லர். கோப்பிச் செடிக்கு எருவுக்காக வளர்த்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்து, இரும்புப்பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின்னர், வண்டிமாடுகள் குறைந்தன. லயத்துப் பசு பெருகியது. தொழிலாளியின் பெயரில் நிலமில்லை, வீடுமில்லை. பசு ஒன்றே அவனுடையது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய் ஓடைக்கரையில் ஒரு கட்டுப் புல் அறுத்து வருவாள். பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் போகும். சாணம் மரக்கறிப் பாத்திக்குப் போகும். கன்று ஒரு சடங்குக்கோ பிள்ளையின் மேற்படிப்புக்கோ காசாகும். வங்கியில் வைப்பில்லாதவருக்கு அதுவே வைப்பு.

அப்பசுவை நாம் காக்கும் முறையைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். குளிருக்கு அஞ்சிப் பட்டியின் நாற்புறத்தையும் படங்குச் சாக்கினாலும் தகரத்தினாலும் அடைத்துவிடுகிறோம். மூத்திரத்தின் காரநெடி கண்ணைக் கரிக்கும் அளவுக்கு உள்ளே தேங்குகிறது. அந்நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்க, கிருமி இடம்பிடிக்கிறது. மாட்டுக்குக் குளிர் பெரிய பகையன்று. ஒழுகும் கூரையும் ஈரத் தரையும் தேங்கிய காற்றுமே பகை. காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மாட்டின் முதுகளவுக்கு அடைத்து, மேலே திறந்துவிட்டால் போதும். கன்றுகள் மார்ச்சளி கண்டு இறப்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தைத் தேடவேண்டியதில்லை. ஈரப் புற்றரையில் மேயும் கன்றுகளுக்கு நுரையீரற் புழுவினாலும் இருமல் வரும். அதற்கு மருந்து வேறு என்பதால், இருமலெல்லாம் ஒன்றென எண்ணிக் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தலாகாது.

மற்றொன்று, மூங்கிற் குழாய். இருமும் மாட்டின் தலையை உயர்த்தி, நாக்கை இழுத்துப் பிடித்து, எண்ணெயோ கஷாயமோ மூங்கிற் குழாயால் ஊற்றுவது தொன்றுதொட்ட வழக்கம். மூச்சுத் திணறும் மாட்டுக்கு விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். ஊற்றிய மருந்து நுரையீரலுக்குள் இறங்கும். நோய் கொல்லாத மாட்டை மருந்து கொல்லும். ஓய்வாக நிற்கும் பசு நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு வாங்குவதில்லை. விலாவைப் பார்த்து எண்ணிவிட்டு, மிகுந்திருந்தால் அரச மிருக வைத்தியருக்கு அறிவித்தலே செய்யத்தக்கது. எண்ணத் தெரிந்த பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு.

புதிதாக வாங்கிய மாட்டைப்பற்றிய செய்தியே எல்லாவற்றிலும் முதன்மையானது. நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தப்பட்டு, நோயற்றவர் என்று கண்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அந்த அவமதிப்பின் நினைவு பல குடும்பங்களில் இன்னும் கதையாக உலவுகிறது. மனிதருக்கு அத்துணைக் கண்டிப்பாக விதிக்கப்பட்ட தனிமைப்படுத்தலை, சந்தையிலிருந்து வரும் மாட்டுக்கு நாம் ஒருநாள்கூட விதிப்பதில்லை. லொறியில் நனைந்து, பசித்து, களைத்து வந்திறங்கிய பசுவை அன்று மாலையே பழைய பசுவின் அருகிற் கட்டி, ஒரே வாளியில் நீர் காட்டுகிறோம். மூன்று வாரம் வேறிடத்தில் வைத்து, பழைய மாட்டைப் பார்த்த பின்னரே புதியதைப் பார்ப்பது என்ற ஒழுங்கு மட்டும் இருந்தால், வரக்கூடிய நோய்களிற் பெரும்பகுதி அங்கேயே வெளிப்பட்டுவிடும். இறந்த மாட்டை ஓடையில் தள்ளுவதும் கூடாது. நம் ஓடைகளின் நீரே கீழே களனி கங்கையாகப் பலர் வாய்க்குச் செல்கிறது. ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டு மூடல் வேண்டும்.

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் தொற்றுநோயை அறிவிக்கும் கடமையை மாட்டுக்காரர்மேல் வைத்திருக்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் ஒரு மாடு மட்டும் உடையவர் அதனை அறிவிப்பாரா மறைப்பாரா என்பதைச் சட்டநூல் தீர்மானிப்பதில்லை; இலண்டன் பாற்காரருக்கு இருந்த அதே அச்சமே தீர்மானிக்கிறது. பால் நிலையம் பாலை மறுத்துவிடுமோ, அயல்வீட்டார் குறைசொல்வாரோ, மாடு போனால் யார் தருவார் என்று அவர் எண்ணுகிறார். பால் வழங்குவோர் சங்கங்கள் உள்ள இடங்களில் லீற்றருக்குச் சிறு தொகையை ஒதுக்கி, நோயை உரிய காலத்தில் அறிவித்தவரின் மாடு இறந்தால் ஒரு பகுதி விலையேனும் கொடுப்பதென்று விதி செய்துகொள்ளலாம். மூன்று வாரத் தனிமைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இடம் தேட முடியாது. பத்தடி அகலமுள்ள லயத்துக் காம்பிராவில் வாழ்பவருக்கு இரண்டாவது பட்டி எங்கே? தோட்டத்துக்கு ஒரு பொதுத் தனிப்பட்டி போதும். நாலு மரக்காலும் பத்துத் தகரமும் சங்கம் வாங்கிவிடும். லயங்களுக்குக் காற்றின் கீழ்ப்புறமாக, தேயிலை பிடுங்கப்பட்டுக் கிடக்கும் நிலத்தில் நான்கு பேர்ச் காணியை ஒதுக்கித் தரவேண்டியது தோட்ட நிர்வாகம்.